இரட்டைச் சக்கரத்தின் கணக்கு

சென்ற ஞாயிறு தேக்கா பக்கம் போயிருந்தேன். ஊழியர்களை இறக்கிவிட்டு ஒரு சிறு லாரி சாலையோரம் நின்றது. என் கண் நேராகப் பின்சக்கரத்துக்குப் போனது. அது சிறுவயதுப் பழக்கம்.

1985ல் அப்பா பழைய சிறு லாரி ஒன்று ஓட்டினார். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றித் தேக்கா சந்தையில் இறக்குவது வேலை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். டயரில் 7.00-16, 8 பிஆர் என்று இருக்கும்.

“ஏழு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம்” என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். நடுவில் சிறுகோடு இருந்தால் ஓட்டுநர்கள் நைலான் டயர் என்று சொல்லும் பழைய வகை. அங்கே ‘ஆர்’ எழுத்து இருந்தால் ரேடியல். 8 பிஆர் என்பது ஒருகாலத்தில் உள்ளே இருந்த பருத்தித் துணி அடுக்குகளின் எண்ணிக்கை. நைலான் வந்தபின் அடுக்குகள் குறைந்தன. அத்தனை பருத்தி அடுக்குக்குச் சமமான பலம் என்ற பொருளில் எண் மட்டும் தங்கிவிட்டது.

ஒருமுறை பின்பக்க வெளி டயர் தேய்ந்துபோனது. கடையில் அதே அளவு இல்லை. பழைய 6.50-16 ஒன்றைக் குறைந்த விலைக்கு மாட்டிவிட்டார்கள். ரிம் அதே பதினாறுதான், கச்சிதமாகப் பொருந்தியது. எங்களை ஏமாற்றியதும் அதுதான்.

மூன்றாம் நாள் தெலுக் பிளாங்கா அருகே டயர் வெடித்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சுமை இறக்கும் அண்ணன் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இறங்கிப் பார்த்தால், வெடித்தது பழைய டயர் இல்லை. உள்ளே இருந்த நல்ல டயர்!

காரணம் எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. 6.50 டயரின் விட்டம் 7.00 டயரைவிடச் சுமார் ஓர் அங்குலம் குறைவு. இரண்டும் ஒன்றாக முடுக்கப்பட்டவை. உயரமானது தரையை அழுத்தமாக மிதிக்க, குட்டையானது பெயருக்குத் தொட்டுக்கொண்டு ஓடும். இருவர் சுமக்கவேண்டியதை ஒருவர் சுமந்தால் என்ன ஆகும்? டயர் சூடேறி வெடிக்கும். இந்த அளவு டயர்களில் ஜோடிக்குள் விட்ட வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு.

சரக்கு வாகனங்களுக்கு இங்கே 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் அப்பா ஓட்டியது போன்ற லாரிகள் இன்று சாலையில் இல்லை. இரட்டைச் சக்கரங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அளவு ஒன்றாக இருந்தாலும், ஒன்றில் காற்று குறைந்தால் அதுவும் குட்டை டயர்தான். புதியதையும் நன்றாகத் தேய்ந்ததையும் ஜோடி சேர்த்தாலும் அதே கதைதான். உள் டயரை வெளி டயர் மறைத்துக்கொள்வதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அன்று அந்த லாரி ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். “தம்பி, உள் டயர்ல காத்து பாத்தீங்களா?”

“நல்லாதாண்ணே இருக்கு” என்று வெளி டயரை எட்டி உதைத்தார்.

அப்பாவின் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், சற்று நேரத்தில் குனிந்து கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார். பிறகு பேசாமல் காற்றுமானியை எடுக்கப் போனார். மாலையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டிய லாரி அது.