சாய்தளத்தை யார் அளப்பது?

ஒரு கட்டடத்தின் வாசலில் மூன்று படிகள். படிக்கு 15 செ.மீ. வீதம் மொத்த உயரம் 45 செ.மீ. சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே ஏற வேண்டுமானால், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளத்தில் சாய்தளம் அமைய வேண்டும் என்பது அளவு விதி. அதன்படி அந்த வாசலுக்கு 5.4 மீட்டர் சாய்தளம் தேவை. நம் ஊர்களில் வங்கி வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் கண்ணில் படுபவை பலவும் ஒன்றிரண்டு மீட்டரிலேயே முடிந்துவிடுகின்றன. அதில் பைக்கை உருட்டி ஏற்றலாம். சக்கர நாற்காலியை ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும்; இறக்கும்போது அமர்ந்திருப்பவர் குப்புற விழக்கூடும். ஆனால் கோப்பில் ‘சாய்தளம் உண்டு’ என்று எழுதிவிட அதுவே போதுமானதாக இருக்கிறது.

சட்டம் இல்லாததால் வந்த நிலை அல்ல இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, பணி நிறைவுச் சான்றிதழும் தரக்கூடாது, குடியேறவும் விடக்கூடாது என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45ஆம் பிரிவு. விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூனில். அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. மாடிக்கு லிஃப்ட் இல்லாத அரசு அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. கீழே மரத்தடியில் காத்திருக்கும் மாற்றுத்திறனாளியிடம் அலுவலரே இறங்கி வந்து கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. அது அந்த அலுவலரின் நல்ல மனசு. குடிமகனுக்கு அது உரிமையாகக் கிடைக்கவில்லை.

அளவுகள் எழுத்தில் இருந்தும் வாசலுக்கு வராமல் போனதற்கு ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி 2005இல் பொதுநல வழக்கு தொடர்ந்தார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்று ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2017ஆம் ஆண்டு விதிகளின் 15(1)ஆம் விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டம் ‘கட்டாயம்’ என்றதை விதி வெறும் பரிந்துரையாக இளக்கிவிட்டிருந்தது. மீறவே கூடாத குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது. வழக்கு தொடங்கி அதற்குள் 19 ஆண்டுகள் ஓடியிருந்தன.

தீர்ப்பு வந்தாலும் அளவு நாடா எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியவர் உள்ளூர்ப் பொறியாளர்தான். இன்றைக்கு அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும். புதிதாகப் போட்ட நடைபாதைக்கு நேரில் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள், குறைதீர் நாளில் மனு கொடுக்கிறார்கள், பதில் வராவிட்டால் நீதிமன்றம் போகிறார்கள். பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் தொடு உணர் கற்கள் நேரே ஒரு மின்பெட்டியில் போய் முட்டி நிற்பதை அவர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள். பைக் ஏறக்கூடாதென்று நட்ட இரும்புக் கம்பங்களுக்கிடையே சக்கர நாற்காலியும் நுழைய முடியாது என்பதை அவர்கள்தான் சொல்கிறார்கள். அதற்குள் ஒப்பந்ததாரருக்குப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கும். இடித்துக் கட்டினால் மறுபடியும் மக்கள் வரிப்பணம்தான் செலவாகும்.

இப்படிப் போராடிக் கிடைத்தவை சென்னையில் உண்டு. மெரினாவில் உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டு வந்தது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளத்தில் 1.14 கோடி ரூபாய்ச் செலவில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அலையை அவ்வளவு பக்கத்தில் பார்க்க வாய்த்தது பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப்போட்டது. பாதையைச் சீரமைத்தார்கள். கட்டிவிட்டால் மட்டும் போதாது, பராமரிப்புக்கும் ஆளும் பணமும் வேண்டும் என்பதை அந்தப் புயல் காட்டிக்கொடுத்தது.

தாழ்தளப் பேருந்தும் அப்படித்தான் வந்தது. செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. பேருந்தில் மடிப்புச் சாய்தளம் இருக்கிறது. ஆனால் நிறுத்தத்தை மறித்து ஆட்டோக்கள் நின்றால் பேருந்து நடுச்சாலையில்தான் நிற்கும். சாய்தளத்தை இறக்கவே இடமிருக்காது. பேருந்தை வாங்கியது ஒரு துறை, நிறுத்தத்தைக் கட்டியது மாநகராட்சி, வாகனங்களை அப்புறப்படுத்த வேண்டியது போக்குவரத்துக் காவல். மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே நிறுத்தத்தில் வந்து நின்று பார்த்தால்தான் இது தீரும்.

அபராதம் போட்டால் திருந்துவார்களா? சட்டத்தை முதல்முறை மீறினால் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்கிறது 89ஆம் பிரிவு. மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. கோடிகள் புரளும் வணிக வளாகத்துக்குப் பத்தாயிரம் ஒரு நாள் விளக்கு அலங்காரச் செலவுகூட இல்லை. உண்மையான பிடி பணி நிறைவுச் சான்றிதழில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி அது தேவைப்படும் கட்டடங்களுக்கு, சான்றிதழ் கையில் இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்திடும் முன் சாய்தளத்தின் நீளம், கதவின் அகலம், கழிப்பறையில் நாற்காலி திரும்ப இடம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதினாலே பாதிப் பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும். கழிப்பறை திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘மாற்றுத்திறனாளிகளுக்கு’ என்று பலகை மாட்டி, உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கும் இடங்கள் ஏராளம்.

அளப்பதற்குத் துணை நிற்க ஆட்களும் இப்போது இருக்கிறார்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டு நிறைவேறின. நகர்ப்புற அமைப்புகளில் மட்டும் சுமார் 650 பேருக்கு இடம் என்று அரசு அறிவித்தது. மன்றக் கூட்டத்தில் ஒரு நாற்காலி ஒதுக்குவதோடு இது நின்றுவிடக்கூடாது. தங்கள் பகுதியில் புதிய பொதுக் கட்டடமோ நடைபாதையோ முடியும்போது, பொறியாளருடன் அவர்களும் போய்ப் பார்த்து ஒப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரரின் கடைசித் தவணை விடுவிக்கப்பட வேண்டும். அரசாணை ஒன்று போதும் இதற்கு. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்கள் அனைவரும் ஆளுக்கொரு மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த முறை ஒரு நகராட்சிப் பள்ளிக் கட்டடத்தைத் திறக்கத் தேதி குறிக்கும்போது, ரிப்பன் வெட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக, சக்கர நாற்காலியில் ஒருவரை அந்த வாசலுக்கு அழைத்துப் பார்க்கட்டும்.