பின்னால் இருந்து வாசித்தவர்

நான் பாட்டுக் கேட்கும் செயலி இந்த வாரம் புதுக்கோலம் பூண்டிருக்கிறது. பாட்டோடு வரிகளும் ஓடுகின்றன. திரை நிறம் மாறுகிறது. வாசித்தவர் பெயர், ஒலிப்பதிவை நடத்தியவர் பெயர் எதுவும் கண்ணில் படுவதில்லை. இசைத்தட்டு உறையின் பின்பக்கப் பெயர்களுக்காக இங்கே எத்தனையோ முறை சண்டை பிடித்தாயிற்று. இந்தத் தடவை கோபம் புக்கர் டி. ஜோன்ஸுக்காக.

மெம்ஃபிஸ் நகரத்துப் பையன். அங்கே பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை ஸ்டாக்ஸ் கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக சாக்ஸஃபோன் வாசிக்கப் போனவர், ஹாமண்ட் ஆர்கனில் உட்கார்ந்துவிட்டார். 1962-இல், வேறொரு பாடகருக்கு ஒதுக்கிய நேரம் மிச்சப்பட்டபோது நால்வர் சும்மா வாசித்துப் பார்த்ததில் பிறந்தது 'கிரீன் ஆனியன்ஸ்'. புக்கருக்கு அப்போது 17 வயது. நிறப் பாகுபாடு ஆண்ட ஊரில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு அது. ஓடிஸ் ரெட்டிங், சாம் அண்ட் டேவ் என்று வந்த பாடகர்களுக்கெல்லாம் அவர்கள்தான் பக்கபலம். இதற்கிடையில் புக்கர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டமும் வாங்கினார்.

பாடகருக்குப் பின்னால் வருஷக்கணக்கில் வாசித்தவருக்கு எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரியும். அவர் நல்ல தயாரிப்பாளர் ஆனதற்கு அதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். 1971-இல் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பத்தை அவரிடம் கொடுத்தார்கள். விதர்ஸ் அப்போது விமானக் கழிப்பறைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டின் நடுவில் இரண்டே சொற்கள் 26 முறை வரும். அங்கே வேறு வரிகள் எழுதத்தான் விதர்ஸ் நினைத்திருந்தார். கூட இருந்த புக்கரும் மற்றவர்களும் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். எவ்வளவு பெரிய தைரியம்! வயலின்களுக்கு எழுதியவரும் புக்கர்தான். முதல் அடி முடியும்வரை அவை வாய் திறப்பதில்லை.

பிறகு மாலிபுவில் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தார் வில்லி நெல்சன். பழைய ஜனரஞ்சகப் பாடல்களை, ஆர்ப்பாட்டமில்லாமல், 'ஸ்டார்டஸ்ட்' என்ற ஆல்பமாக இருவரும் பதிவு செய்தார்கள். நாட்டுப்புற மெட்டுக்காரர் இதைப் பாடினால் யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். 1978-இல் வெளிவந்த அந்த ஆல்பம் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; ஏறத்தாழ 10 ஆண்டுகள் அந்தப் பட்டியலில் இருந்தது.