பாசிக்குடாவின் அழகு யாருக்கு?

ஏறாவூரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பாசிக்குடாவைப் பற்றி இரு கட்சியார் ஓயாது வாதிடுகின்றனர். முதற் கட்சியார் புகழ்பாடுவோர். கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் நடந்து சென்றாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. குழந்தைகளை அச்சமின்றி இறக்கிவிடலாம். அறையின் விறாந்தையிலிருந்தே சூரியோதயம் காணலாம் என்பர் இவர்கள். மற்றக் கட்சியார் குறைகூறுவோர். விடுதிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மதிலுக்கு வெளியே பார்ப்பதற்கு எதுவுமில்லை. இயந்திரப் படகுகளின் இரைச்சல் காதைத் துளைக்கிறது. விடுமுறை நாட்களில் பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் உள்ளூர்ச் சனங்கள் சோற்றுச் சட்டியும் பாட்டுப் பெட்டியுமாகக் கரையை நிறைத்துச் சூழலைக் கெடுத்துவிடுகின்றனர் என்பது இவர்களின் முறைப்பாடு.

இரு கட்சியாரும் நிற்கும் இடம் ஒன்றே. அது அறைக் கட்டணம் செலுத்தியவரின் விறாந்தை. கொடுத்த பணத்திற்குரிய காட்சி கிடைத்ததா, இல்லையா என்பதே இவர்களது வழக்கு. இவ்வழக்கில் அக்கரையில் வலை உலர்த்தி வாழ்ந்தவன் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. நாம் அவனையும் கூண்டிலேற்றிக் கேட்க விரும்புகிறோம்.

பாசிக்குடாவுக்கு உல்லாசப் பிரயாணிகள் வருவது புதிதன்று. 1970களிலேயே அங்கு விடுதிகள் இருந்தன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது; பின்னர் யுத்தம் வந்தது; விடுதிகள் பாழடைந்து, அவற்றின் சுவர்களுக்குள் மரங்கள் முளைத்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இத்தனைக்கும் பின் அக்கரையை விட்டுப் போகாதவன் மீனவன் ஒருவனே. 2009இல் யுத்தம் முடிந்தது. அரசு அக்கரையை உல்லாசப் பிரயாண வலயமாக்கியது. 2011 முதல் புதிய விடுதிகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. தோணி கட்டும் துறையோ ஓரத்துக்கு ஒதுங்கிச் சுருங்கியது. புதிய விடுதிகளுள் ஒன்று 'மாலு மாலு' என்று பெயர் சூடிக்கொண்டது. 'மாலு' என்பது சிங்களத்தில் மீனைக் குறிக்கும் சொல். மீனுக்குப் பெயர்ப்பலகையில் இடம் கிடைத்தது. மீனவனுக்குக் கரையில் இடம் குறைந்தது!

"விடுதி வராவிட்டால் இளைஞர்களுக்கு வேலை ஏது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது; வறுமைக்கு அழகு என்று பெயர் சூட்டிக் காப்பாற்றச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் எந்த வேலை, எத்தனை பேருக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு? வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர், செங்கலடி இளைஞர்களுள் முகாமையாளரானவர் எத்தனை பேர், தோட்டம் கூட்டுவோர் எத்தனை பேர்? விடுதிச் சமையலறைக்குள் போகும் மீனிலும் மரக்கறியிலும் எத்தனை பங்கு இப்பிரதேசத்தில் வாங்கப்படுகிறது? இக்கணக்கை விடுதி முதலாளிகள் ஊரறிய வெளியிடட்டும். 2019 ஏப்ரல் 21இன் குண்டுவெடிப்புகள், 2020இன் கொள்ளைநோய், 2022இன் பொருளாதார வீழ்ச்சி என்று மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தபோது பிரயாணிகள் வரவில்லை. அப்போதும் மனிதருக்குச் சோறு போட்டவை கடலும் வாவியும் வயலுமே. ஒரு தொழிலைக் கொண்டுவர இன்னொரு தொழிலை அழித்தாக வேண்டும் என்பது இயற்கையின் விதியன்று, முதலாளியின் வசதி.

வேறு வழி உண்டென்பதற்குக் கேரளம் சான்று. அங்கே வேம்பநாட்டு ஏரிக்கரையிலுள்ள குமரகத்தில் 2008இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவிக்கும் காய்கறிகளை விடுதிகள் வாங்கின. அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆயினும், விடுதிக்கும் கிராமத்துக்கும் இடையே மதில் மட்டும்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்பது அங்கே நிரூபணமாயிற்று.

இனி, 'உள்ளூர்ச் சனங்களால் சூழல் கெடுகிறது' என்னும் முறைப்பாட்டுக்கு வருவோம். குப்பை போடுவது தவறு. அதை யார் போட்டாலும் தவறு. குப்பைத்தொட்டியும் கழிவறையும் குடிநீரும் போதிய அளவில் அமைத்தால் அத்தவறு பெரும்பாலும் தீரும். ஆனால் முறைப்பாட்டின் அடியில் இருப்பது குப்பை பற்றிய கவலையன்று. ஏழை மனிதன் கண்ணிற் படுவதே அருவருப்பு என்னும் எண்ணம். நுவரெலியாவின் பச்சை மலைகளைப் புகழ்வோர் கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சித்திரத்தில் வைத்து ரசிப்பர். அவள் குடியிருக்கும் லயத்தை எட்டியும் பாரார். பாசிக்குடாவிலும் தோணி படத்துக்கு வேண்டும், தோணிக்காரன் வேண்டாம்.

அக்கரையில் பெருநாளன்றும் பொங்கலன்றும் கூடும் அந்தச் சனங்கள் யார்? 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர் படுகொலை செய்யப்பட்டனர். அதன்பின் பல்லாண்டுகள் ஒருவர் ஊரைக் கடக்க மற்றவர் அஞ்சினர். அவ்விரு ஊராரின் பிள்ளைகளும் இன்று ஒரே ஆழமற்ற நீரில் இறங்கிக் குளிக்கின்றனர். எந்த மேடைப் பேச்சும் செய்யாத காரியத்தை ஒரு பொதுக் கடற்கரை சத்தமின்றிச் செய்கிறது. இதைவிட உயர்ந்த காட்சி பாசிக்குடாவில் வேறு எது?

நம்மவருள்ளும் ஒரு மூன்றாம் கட்சி உண்டு. அந்நியரின் உடையையும் குடியையும் காட்டி, விடுதிகளே கலாசாரத்தின் எதிரி என்று அது முழங்குகிறது. உடை அவரவர் விருப்பம். பிறருக்குத் தொல்லை தரும் குடியைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. மண் பறிபோனபோது பேசாதிருந்து, துணி குறைந்தபோது மட்டும் வெகுண்டெழும் ஒழுக்கத்தை நாம் மதிப்பதற்கில்லை.

கேள்வி மண்ணைப் பற்றியது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்தது. வலயத்தின் இயல்பை மாற்றும் கட்டட வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. மீன்பிடித்தலை அவ்வேலைகளிற் சேர்க்காது விலக்கிவைத்தது. சட்டத்தின் கண்ணில் மீனவன் கரைக்குரியவன். கட்ட வருபவனே அனுமதி கேட்க வேண்டியவன். நடைமுறையிலோ கட்டியவன் உரிமையாளனாகவும் மீனவன் அனுமதி கேட்பவனாகவும் தலைகீழாகிவிட்டனர்.

இது பாசிக்குடாவோடு முடியும் கதையன்று. ஏறாவூர்ப்பற்றின் பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியும் 'அழகிய காட்சி' தான். அதன் கண்டற் காடுகள் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். காட்சிக்கு இடையூறென்று கண்டலை வெட்டினால், வெட்டுபவர் விறாந்தையில் காற்று வாங்குவார். வீச்சுவலைக்காரன் வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கடற்கரைக்குச் செல்லும் பொதுவழிகள் அடையாளமிடப்பட்டு, எக்காலமும் திறந்திருக்க வேண்டும். தோணித்துறைகளின் எல்லை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, மீனவர் சங்கங்களின் சம்மதமின்றி மாற்றப்படக்கூடாது. ஊர்மக்களுக்கான கரைப்பகுதியில் கழிவறையும் குடிநீரும் நிழலும் வேண்டும். வேலைவாய்ப்புக் கணக்கு வெளிவர வேண்டும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களும் ஏறாவூர், செங்கலடிப் பாடசாலை ஆசிரியர்களும் குறிப்பேட்டோடு கரைக்குச் செல்லட்டும். எந்தப் பாதை எந்த ஆண்டு அடைபட்டது, எந்தத் தோணி எங்கே ஒதுக்கப்பட்டது என்று முதியவர்களைக் கேட்டு எழுதட்டும். எழுதப்பட்ட சாட்சியம் கையில் இருந்தால்தான் அடுத்த வரைபடம் கச்சேரியில் விரிக்கப்படும்போது நாம் வாய்திறக்க முடியும்.