வேலை வீட்டுக்குப் போனபோது

அலுவலகத்துக்குச் சென்று பணியாற்றுவது நல்லதா, வீட்டிலிருந்தபடியே பணியாற்றுவது நல்லதா என்னும் வழக்கு 2020ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கோடு நம்மிடையே சூடு பிடித்தது. ஊரடங்கு போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் வழக்கு முடிந்தபாடில்லை. நிறுவனங்கள் திரும்ப அழைக்கின்றன, பணியாளர்கள் தயங்குகிறார்கள். ஆனால் இரு தரப்பாரும் கையில் வைத்திருப்பது ஒரே தராசைத்தான். எங்கே இருந்தால் வேலை கூடுதலாக நடக்கிறது என்பதே அந்தத் தராசு. கணினித் துறையாரும் மேலாளரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய இந்த வழக்கில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வாசிப்புக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு என்று காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எண்களை முதலில் பார்த்துவிடுவோம். சீனாவில் சிட்ரிப் என்னும் பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவைப் பணியாளர்களிடையே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவர்தம் குழுவினரும் நடத்திய சோதனையின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. ஒன்பது மாதம் வீட்டிலிருந்து பணியாற்றியவர்களின் வேலை 13 விழுக்காடு கூடியிருந்தது. பணியை விட்டு விலகுவோர் தொகையும் பாதியாகக் குறைந்தது. இத்தோடு நிறுத்தினால் வீட்டின் பக்கம் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் சோதனை முடிந்தபின், இனி எங்கிருந்து பணியாற்ற விருப்பம் என்று கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமையும், கண்ணில் படாதவருக்குப் பதவி உயர்வு எட்டாமற்போனதும் முக்கியக் காரணங்கள். இத்தனைக்கும் இவர்கள் வீட்டுப் பணியைத் தாமாகவே விரும்பிக் கேட்டவர்கள்.

தனிமை என்னும் சொல்லை ஓர் ஆய்வறிக்கை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். அதன் முழுப் பொருளை அறியக் கணினிக்கு வெகுகாலம் முந்தைய ஒரு தொழிலின் வரலாறு நமக்கு உதவுகிறது.

வடகேரளத்தின் கண்ணூர் வட்டாரத்தில் பீடித் தொழிலாளர்கள் கொட்டகைகளில் வரிசையாக அமர்ந்து பீடி சுற்றி வந்த காலத்தில் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழிலில் வாசிப்பவரின் கூலி போய்விடக் கூடாதல்லவா? அவர் பங்குக்குரிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். நாளிதழில் தொடங்கிய வாசிப்பு கதைகளுக்கும் நாவல்களுக்கும் சென்றது. கைக்குத்தான் அங்கே ஓயாத வேலை. காது ஓய்வாக இருந்தது. எழுத்தறியாத தொழிலாளியும் இலக்கியமும் அரசியலும் பேசும் நிலை அந்தக் கொட்டகையில் உருவாயிற்று. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865லேயே இத்தகைய வாசிப்பு தொடங்கிவிட்டது. அங்கும் வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தந்தனர். கேட்போர் மனத்தில் சிந்தனை முளைப்பதைக் கண்டு அஞ்சிய அன்றைய ஸ்பானிய ஆட்சி அடுத்த ஆண்டே அதற்குத் தடை விதித்தது. இரு வேறு கண்டங்களில், ஒரே வகைத் தொழிலில், ஒரே பழக்கம் தோன்றியிருக்கிறது. மனிதர்கள் ஒரு கூரையின் கீழ்க் கூடி உட்கார்ந்ததன் விளைவாகவே இதை நாம் கொள்கிறோம்.

1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலகத்தில் காற்றோட்டம் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று அது கூறியது. கேரள அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்த 1968இல் பெருமுதலாளிகள் கண்ணூர்க் கொட்டகைகளை மூடினார்கள். சுமார் 12,000 பேர் வேலை இழந்தனர். கொட்டகை வைத்து நடத்துவதைவிட, இலையையும் தூளையும் வீடுகளுக்குக் கொடுத்துச் சுற்றி வாங்குவது மலிவு என்பது முதலாளிகளின் கணக்கு. இடம், விளக்கு, தண்ணீர் என்று எல்லாச் செலவும் அப்போது தொழிலாளியின் தலையில் விழும். வேலை இழந்தவர்கள் 1969இல் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார்கள். கொட்டகை திரும்பி வந்தது; வாசிப்பும் உடன் வந்தது. 1980களில் அதில் 40,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். பீடி உயிரைக் குடிக்கும் பொருள் என்பதையோ, சுற்றுபவரின் நெஞ்சையும் அது கெடுக்கிறது என்பதையோ நாம் மறக்கவில்லை. அத்தொழில் வாழ்க என்று வாழ்த்துவதும் நம் நோக்கம் அன்று. வேலை வீட்டுக்குப் போகும்போது அதனோடு சேர்ந்து எவை போகின்றன, எவை போகாமல் அழிந்துபோகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. நெல்லை, தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களில் பீடி சுற்றுவது பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழில். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் முறத்தை வைத்துச் சுற்றி, கட்டுகளாக்கித் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. உலையில் சோறு கொதிக்கும் நேரத்திலும் பிள்ளை உறங்கும் நேரத்திலும் கை சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடையாது. ஆயினும் அவ்வூர்களில் நடந்து போகிறவர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். அவரவர் வீட்டில் இருந்து செய்யலாம் என்ற வேலையை எடுத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இலங்கை வானொலி கேட்ட காலமும் உண்டு. தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் காலமும் வந்தது. ஊர்க்கதை பேசுவது எக்காலத்திலும் உண்டு. வேலை கொடுத்தவர் கட்டித் தராத தொழிற்கூடத்தை இவர்கள் தாமே திண்ணையில் அமைத்துக்கொண்டார்கள்.

வீட்டிலிருந்து பணியாற்றுவதைப் போற்றுவோர் அறியவேண்டிய மற்றொன்றும் இருக்கிறது. வீடு எல்லோருக்கும் ஒரே வீடு அன்று. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த வீட்டுக்குள் அலுவலகத்தையும் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கணவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தில் பேசுவார். மனைவி ஒரு காதில் கூட்டத்தையும் மறு காதில் குக்கர் விசிலையும் கேட்டுக்கொண்டிருப்பார். வர்ஜீனியா வுல்ஃப் தமக்கென ஓர் அறை வேண்டும் என்று பெண் எழுத்தாளருக்காக 1929இல் எழுதினார். பல பெண்களுக்கு அந்த அறை வீட்டில் கிட்டவில்லை. அலுவலகத்து மேசையாகத்தான் கிட்டியது. அதைப் பறித்துக்கொண்டு சலுகை என்று பெயரிடுவது நேர்மை ஆகாது.

இதனால் நாம் அலுவலகத்தின் வழக்கறிஞராகிவிட்டோம் என்று கொள்ள வேண்டாம். சென்னையில் மத்திய கைலாஷ் தொடங்கி சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலையில் காலையும் மாலையும் ஊர்ந்து போகிறவரிடம் கூடி வாழ்வதன் சிறப்பைப் பேசினால் அவர் கோபம் கொள்வதில் நியாயம் உண்டு. நடமாட இயலாதவர்க்கும், படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்பவர்க்கும் வீட்டுப் பணி வாழ்வாதாரம் என்றே சொல்லலாம். மேலும், இன்றைய அலுவலகம் கண்ணூர்க் கொட்டகை அன்று. இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, வேறு நகரத்தில் இருப்பவரோடு திரையில் பேசிவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரின் பெயரும் தெரியாமல் திரும்புகிறார். அங்கே இருக்கை உண்டு, கண்காணிப்பு உண்டு; துணை இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு மனிதரை வரவழைப்பது கட்டடத்துக்குக் கொடுக்கும் வாடகையை நியாயப்படுத்த மட்டுமே உதவும்.

நம் ஆசிரியப் பணியிலும் இதன் சுவடு தெரிகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கல்லூரி வகுப்புகள் கைப்பேசிக்குள் நடந்தன. பாடத்திட்டம் முடிந்ததா என்று கேட்டார்கள். முடிந்தது என்று எழுதிக் கொடுத்தோம். அதில் பொய் இல்லை. வகுப்பு முடிந்தபின் தாழ்வாரத்தில் வழிமறித்து, நீங்கள் சொன்னது சரியில்லை ஐயா என்று வாதிடும் மாணவரையும், துறை அறையில் ஒருவர் மேசையிலிருந்து மற்றொருவர் மேசைக்குக் கைமாறிக்கொண்டே இருந்த புத்தகங்களையும் எந்தப் படிவமும் கேட்கவில்லை.

ஆகவே, நம் கருத்து இதுதான். வாரம் முழுவதும் வீடு என்பதும் வாரம் முழுவதும் அலுவலகம் என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முன்னர்ச் சொன்ன அதே நிறுவனத்தில் 1,612 பேரிடையே நடந்த பிந்தைய ஆய்வு 2024இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணியாற்றியவர்களிடையே பணி விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலையின் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ குறைவு காணப்படவில்லை. கலந்து செய்வதால் முதலாளிக்கு நட்டமில்லை என்பது இதனால் தெளிவு. எஞ்சியவற்றைப் பணியாளர்கள் கேட்டுப் பெற வேண்டும். வீட்டு நாள்களில் மின்சாரத்துக்கும் மேசை நாற்காலிக்கும் ஆகும் செலவு நிறுவனத்துடையதாக வேண்டும். வேலை முடியும் நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். எது தம் வீட்டு நாள் என்று தேர்வதில் பணியாளருக்கும் பங்கு வேண்டும். அலுவலக நாளில் ஒரு குழுவினர் அனைவரும் ஒரே நாளில் வந்து, முகம் பார்த்துப் பேச நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். வாசிப்பவரின் பங்குப் பீடியைச் சுற்றிக் கொடுத்த கண்ணூர்த் தொழிலாளர் அந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தார்கள்.