பி.இ ஆசிரியராகப் பட்டப்படிப்பு உண்டு... பள்ளி நூலகராக?

பள்ளியில் தினமும் பார்க்கும் இரண்டு பேர். ஒருவர் திடலில், இன்னொருவர் நூலகத்தில். முதல் வேலைக்கு எங்கே போய் என்ன படிக்கணும்னு கேட்டால் உடனே பதில் கிடைக்கும். இரண்டாவதுக்கு?

விசிலும் பந்தும் மட்டுமா?

சிங்கப்பூரில் உடற்கல்விக்கென ஒரு கல்லூரி 1984இல் தொடங்கப்பட்டது. அதுவும் அன்றைய கல்விக் கழகமும் 1991 ஜூலை 1ஆம் தேதி இணைந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசியக் கல்விக் கழகம் ஆயின. இன்றும் பி.இ ஆசிரியர்கள் அங்கேதான் உருவாகிறார்கள்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் அறிவியல் வகுப்பு மாதிரி இருக்கும். உடற்கூறு, ஓடும்போது இதயமும் தசையும் எப்படி வேலை செய்கின்றன, ஒரு பிள்ளை புதிய அசைவை எப்படிக் கற்றுக்கொள்கிறது, விளையாட்டு உளவியல் எல்லாம் உண்டு. கூடவே நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், வெளிப்புறக் கல்வி. பிறகு பள்ளியில் நேரடிப் பயிற்சி. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் படிக்கும் ஆசிரியர் பட்டயப் படிப்பும், பல ஆண்டுகளாக மற்ற பாடங்களைவிடப் பி.இ-க்கு நீளமாகவே இருந்தது.

இவ்வளவு எதுக்கு? 1992இல் வந்த ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பல பள்ளிகளில் அது இடைவேளை நேரத்தில் நடந்தது. நண்பர்கள் கேன்டீனில், இவர்கள் திடலில்! திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் போட்டால் ‘ஃபேட்’, அதாவது குண்டு. கேலிக்கு வேறென்ன வேண்டும்? 2007இல் அது கைவிடப்பட்டது. எடையைப் பார்க்க ஒரு தராசு போதும். அந்தப் பிள்ளைக்கு ஓட்டமே வெறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் படிப்பெல்லாம்.

நூலகத்தில் யார்?

இங்கே நிலைமை வேறு. பள்ளி நூலகராவதற்கென்று தனிப் பட்டப்படிப்பு சிங்கப்பூரில் கிடையாது. பொதுவாக ஓர் ஆசிரியர், பெரும்பாலும் மொழி ஆசிரியர், தன் வகுப்புகளோடு நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். கவுன்டரில் இருப்பவர் புத்தகம் இரவல் கொடுப்பார், அடுக்கி வைப்பார். நன்யாங் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய தகவலியல் முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால் அது எல்லா வகை நூலகத்துக்கும் பொதுவானது, பள்ளிக்கென்று வடிவமைத்ததல்ல.

மலேசியாவில் ‘நூலக, ஊடக ஆசிரியர்’ என்றே ஒரு பொறுப்பு இருக்கிறது. பள்ளி வள மையம் அவர் கையில். அங்கேயும் பலர் வகுப்பையும் சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள். ஆனாலும் பொறுப்புக்குப் பெயர் இருப்பதே ஒரு தொடக்கம்.

ஆசிரியர் நூலகராக முடியாதா? தாராளமாக முடியும். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன், சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும் லண்டனுக்குப் போய் அந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தார். விதிகள் நூலாக வந்தது 1931இல்.

நமக்கு இதில் என்ன?

தமிழ் அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை மூன்றில் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பொருந்தும், எது கடினம், எதை வாங்கணும்? பொறுப்பாசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழாசிரியரைக் கேட்பார். அவரும் நூல் தேர்வை ஒரு பாடமாகப் படித்தவராக இருக்க வாய்ப்பு குறைவு. கடைசியில் கைக்கு எட்டும் பட்டியலில் இருப்பதே அலமாரிக்கு வரும்.

இன்னொன்று, ஏஐ. இணையத்தில் கிடைக்கும் தகவல் நம்பகமானதா என்று சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பது நூலகப் படிப்பில் ஒரு தனிப் பகுதி. தேசிய நூலக வாரியம் 2013இல் தொடங்கிய ‘ஷியூர்’ திட்டம் பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் அதைத்தான் செய்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் பயிலரங்கு ஒரு நாளில் முடிந்துவிடும். நாளைக்கு ஒரு மாணவர் சந்தேகத்தோடு வந்தால் பதில் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் வேண்டும்.

பள்ளி நூலகராக உங்களுக்கு ஆசையா? இப்போதைக்குச் சுற்றுப்பாதைதான். ஒன்று, முதலில் ஆசிரியராகி, பிறகு நூலகப் பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது ஏதாவது ஒரு பட்டம் முடித்து, தகவலியல் முதுநிலை படிக்கலாம். இரண்டாவது வழியில் போனால் வேலை பெரும்பாலும் பொது நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோதான் காத்திருக்கும்.