தார் பூசிய தொன்மை

இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடு என்றதும் வெண்சுவரும் கரிய மரச்சட்டமுமே நம் கண்முன் எழுகின்றன. நாட்காட்டிப் படங்கள் பழக்கிவிட்ட அக்காட்சியைத் தொன்மையின் முகமென்று கொண்டாடுவோருடன் நாம் உடன்பட இயலாது. கென்ட், சஸெக்ஸ் பகுதி வீடுகளில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனையின் ஒப்பனை. அதற்கு முன் ஓக் மரம் பூச்சின்றி வெள்ளிச் சாம்பல் நிறமேறி நின்றது. அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு பூசப்பட்டது.

அவ்வீடுகளின் உத்திரங்கள் பழைய கப்பல்களை உடைத்து எடுக்கப்பட்டவை என்பது இன்னொரு கட்டுக்கதை. மரத்தில் தென்படும் வெற்றுத் துளைகளே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அவை பெரும்பாலும், முன்பு பொருந்தியிருந்து பின்னர் அகற்றப்பட்ட கட்டைகளின் தடயங்கள். உலர்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது. ஆகவே தச்சர்கள் பச்சை மரத்தையே இழைத்தனர்; கழுந்தையும் துளையையும் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, ரோமானிய எண்களை ஒத்த குறிகளைச் செதுக்கி, பின்னர் சட்டத்தை நிறுத்தி மர ஆணிகளால் இறுக்கினர். கப்பல் கதை இத்தச்சர்களின் அறிவைக் களவாடுகிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் இருந்த பேலீஃப் பண்ணைவீட்டைப் பாருங்கள். அதன் கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. புகைபோக்கி கிடையாது, தரை நடுவே நெருப்பு. நீர்த்தேக்கம் ஒன்றுக்காக 1960களின் இறுதியில் பிரிக்கப்பட்ட அவ்வீடு, சஸெக்ஸின் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கழற்றிக் கோக்க முடிந்ததென்றால், அத்தச்சு முறைக்கு வேறு சான்று எதற்கு?

பொய்யான தோற்றத்தைவிடக் கொடியது, பழுதுபார்ப்பதாகச் சொல்லிப் பூசப்படும் சிமெண்ட். குச்சிப் பின்னலில் அப்பிய களிமண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடுபவை. சிமெண்டோ கீறல் வழியே புகுந்த நீரை உள்ளேயே சிறைவைக்கிறது. நூற்றாண்டுகளைத் தாங்கிய மரம் அதனுள் ஓசையின்றி அழுகுகிறது.

பழங்கட்டடங்களைப் புதுக்கி அழிக்காதீர், பேணிக் காப்பீர் என்று வாதிட்டு வில்லியம் மாரிஸ் முதலானோர் 1877இல் சங்கம் அமைத்தனர். அவ்வாதம் இன்னும் பழசாகவில்லை. தொன்மையை நேசிப்பதாகச் சொல்வோர் தார்ச்சட்டியைக் கீழே வைக்கட்டும், சுண்ணாம்பைக் குழைக்கட்டும்.