எத்தனையாம் பிள்ளை?



தவணைப் பரீட்சை ரிப்போட் கொடுத்த அன்று ஒரு வாப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சேர், மகன் எத்தனையாம் பிள்ளை?"

38 பேரில் 36ஆம் பிள்ளை.

"அப்ப இவனப் படிப்பிச்சு வேலல்ல. கடையில விடப்போறன்" என்றார். மகன் பக்கத்திலேயே நின்றான். வயது 12. பதினாறு வயதுவரை பாடசாலைக்கு அனுப்புவது இந்த நாட்டில் சட்டம் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் படிப்பிப்பது தரம் 7 கணிதம். வருடத் தொடக்கத்தில் 503இலிருந்து 267ஐக் கழிக்கச் சொன்னேன். இந்தப் பிள்ளை 364 என்று எழுதினான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். இன்னொரு பிள்ளை 246 என்று எழுதினாள். கடன் வாங்கத் தெரியும். நடுவிலுள்ள பூச்சியம் பத்தாகி, அதிலிருந்து ஒன்றைக் கொடுத்ததை மறந்துவிட்டாள். சரியான விடை 236. இரண்டு பேருக்கும் பிழைதான், புள்ளி இல்லை. ஆனால் அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். அவனுக்கு இடப்பெறுமானத்திலிருந்தே தொடங்க வேண்டும். புள்ளி இதைச் சொல்லாது. பிழையான விடைதான் சொல்லும்.

நானும் பல வருடம் சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தவன்தான். இப்போது பாடம் முடியும் நேரம் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரேயொரு கணக்குக் கொடுக்கிறேன். யார் எந்த இடத்தில் பிழைத்தார் என்று பார்த்து மூன்று கட்டாகப் பிரிக்கிறேன். ஒரு பாடவேளையில் இதைத் தினமும் செய்ய முடியாது. கிழமைக்கு இரண்டு நாள்தான். விளையாட்டுப் போட்டிக் காலமென்றால் அதுவும் இல்லை.

அந்த மகன் இப்போது கழித்தலைச் சரியாகச் செய்கிறான். ஆனால் தவணைப் பேப்பரில் வருவது பின்னமும் அட்சரகணிதமும். அதனால் 11 புள்ளி 19 ஆனது, அவ்வளவுதான். அவன் கடந்துவந்த தூரம் ரிப்போட்டில் எங்கும் இல்லை.

பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். தரம் 10இல் டியூஷனுக்கு அள்ளிக் கொடுக்கும் பெற்றோரே, தரம் 7இலேயே வந்து ஆசிரியரிடம் கேளுங்கள்: "முன்பு வராத எந்தக் கணக்கு இப்போது வருகிறது?" எங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் பிழை எங்களுடையது.

அந்த வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. மகன் நேற்றும் வகுப்புக்கு வந்திருந்தான்.